சனிக்கிழமைப் பெருநாள்

என் மனைவி செண்பகம் இறந்தபோது எனக்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தார்கள். நான் கேட்கவில்லை. கருமாதி முடிந்து ஆபீசுக்குப் போன அன்று முதலாளி நிசார் அஹமது சாயபு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் கொஞ்ச நாள் வூட்டுல இருந்துட்டு வாங்க மூர்த்தி. வேலை எங்க ஓடிடப் போவுது?"

வீட்டில் இருந்து செய்ய ஒன்றும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன்.

தோல் பதனிடும் எங்கள் ஷாப்பு ஆம்பூரில் பாலாற்றை ஒட்டி இருந்தது. சென்னையில் பி.ஏ. முடித்துவிட்டு நான் அங்கே ரைட்டராகச் சேர்ந்தேன். சீமைக்குப் போகும் தோல் கட்டுகளுக்கான கடிதங்களை இங்கிலீஷில் எழுதுவது என் வேலை. எனக்கு மாதச் சம்பளம். தோல் ஊறும் குழியில் இறங்குகிறவர்களுக்கு மணிக் கூலி. வாசலில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மணிக்கு ஒரு தடவை காவல்காரன் அதில் அடிப்பான். அந்த அடிகளுக்குத்தான் கூலி.

கேட்டை ஒட்டிய சுவரில் ஒரு பலகை இருந்தது. பலகை முழுக்க ஆணிகள். ஆணிக்கு ஒரு பித்தளை வில்லை, அதில் வெட்டிய ஒரு நம்பர். உள்ளே வருகிறவன் தன் வில்லையைத் திருப்பி மாட்டிவிட்டுப் போவான். ஆணியில் வில்லை இருக்கிறவரை அவனுக்குக் குழியில் இடம் உண்டு. மேஸ்திரி கோதண்டராமன் அதைக் கழற்றிவிட்டால் இல்லை. நோட்டீஸ், கடிதம் ஒன்றும் கிடையாது.

லீவு நாளுக்கு முந்தின நாளோ மறுநாளோ வராதவனுடைய வில்லையைக் கழற்றிவிடுவார்கள். அது ஷாப்பின் சட்டம். சுண்ணாம்புக் குழியில் ஊறுகிற தோலை வாரி வெளியே போட்டுத் திரும்ப உள்ளே போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். லீவில் சும்மா கிடந்த தோலுக்கு மறுநாள் ஆள் குறைந்தால் தோல் கெட்டுவிடும். அதனால் அந்தச் சட்டம்.

வாரத்தில் வெள்ளிக்கிழமை ஷாப்பை மூடுவார்கள். ஆபீஸ்காரர்களுக்கு அது லீவு. மணிக் கூலிக்காரர்களுக்குக் கூலி இல்லாத நாள். பண்டிகைக்கும் அப்படித்தான். சர்க்கார் சொல்லும் நாளுக்கும் அப்படித்தான். அந்த வருஷம் மே மாதம், சீமை மன்னர் பட்டத்துக்கு வந்து இருபத்தைந்து வருஷம், வெள்ளி விழா என்று ஷாப்பை மூடினார்கள். கேட்டில் கொடி கட்டி எல்லோருக்கும் ஆளுக்கொரு லட்டு கொடுத்தார்கள். குழியில் வேலை செய்யும் வாஹித் பாஷா லட்டைத் துண்டில் முடிந்துகொண்டு, "ராஜா லட்டு குடுத்தாரு, சோத்த எடுத்துக்கினாரு" என்றான். மேஸ்திரி கூடச் சிரித்துவிட்டார்.

கிறிஸ்துமஸுக்குக் குழியை மூடுவதில்லை. ஆபீசை மூடுவார்கள், ஏனென்றால் சென்னையில் பாங்கிகள் திறக்காது. அந்தக் கிறிஸ்துமஸ் புதன்கிழமை வந்தது. நான் நாள் முழுக்க வீட்டில் படுத்துக் கிடந்தேன். தேவசகாயம் அன்று குழியில் நின்றான்.

தேவசகாயத்துக்கு என் வயதுதான் இருக்கும். சுண்ணாம்புக் குழி ஆள். அவன் மனைவி மரியம்மாள் மழைக்காலம் தொடங்கியதிலிருந்து வேலூரில் ஆஸ்பத்திரியில் இருந்தாள். செண்பகமும் அதே ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் அவனை அந்த வராந்தாவில் பார்ப்பேன். ரயிலில் வந்து, கொஞ்ச நேரம் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்துவிட்டு ஓடுவான். நான் தினமும் அங்கே இருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வியாழக்கிழமை மத்தியானம், அவன் ஆபீஸ் வாசலில் வந்து நின்றான். காலில் சுண்ணாம்பு இருந்ததால் உள்ளே வரவில்லை. மேஸ்திரி என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"மேஸ்திரி, சனிக்கிழமை ஒரு நாளு வுடுங்க. மரியாவ அனுப்பறாங்க. டாக்டரம்மா சொல்லிடுச்சு."

"சனிக்கிழமையா? வேற நாளே கெடைக்கலியா உனக்கு? வெள்ளிக்கு மறுநாளுடா அது."

"அவங்க சொன்ன நாளுங்க. சனிக்கிழமை காலையில வந்து கூட்டிக்கினு போ, அதுக்கு மேல அந்தக் கட்டிலு வேற ஆளுக்குன்னு சொல்லிட்டாங்க."

"டாக்டரம்மாவா உனக்குக் கூலி குடுக்குது?"

"நேத்து பண்டிக அன்னிக்குக் கூட வந்தேனுங்களே. எங்க ஜனம் பூரா கோயிலுக்குப் போச்சு. நான் குழியில நின்னேன்."

"நின்ன, கூலி வாங்கின. அத எதுக்கு இங்க வந்து கொட்டற?"

நான் பேனாவை வைத்தேன். "வேண்டுமானால் நான் போய் அழைத்து வரட்டுமா?" என்று கேட்டேன்.

"புருஷன் வந்து கைநாட்டு வெச்சாத்தான் வுடுவாங்களாம், அய்யா."

மேஸ்திரி எழுந்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். கெட்டுப்போன தோலுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

"இத பாரு. இன்னிக்கு சாயங்காலம் பிறை பாக்கறாங்க. தெரியலன்னா ரம்ஜான் சனிக்கிழமை. ஷாப்பு மூடியிருக்கும், நீ போய்ட்டு வா. தெரிஞ்சிடுச்சுன்னா ரம்ஜான் நாளைக்கே, சனிக்கிழமை நீ குழியில நிக்கணும். நிக்கலன்னா வில்லைய மறந்துடு. அல்லாகிட்ட கேளு, ஏசுகிட்ட கேளு. என்கிட்ட கேக்காத."

பிறை தெரிந்தால் பண்டிகை, எப்படியும் மூடுகிற வெள்ளிக்கிழமையோடு போய்விடும். தெரியாவிட்டால் வெள்ளி, சனி இரண்டு நாளும் கூலி இல்லை. ஆகையால் குழி ஆட்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் அன்று பிறை தெரிய வேண்டும் என்றுதான் இருந்தார்கள். தெரியக் கூடாது என்று இருந்தவன் ஒருவன்தான்.

கடைசி மணி அடித்ததும் எல்லோரும் ஆற்றுக்குப் போனார்கள். தினமும் போகிறதுதான். குழியில் நின்ற கால்கள் முழங்கால் வரை வெள்ளையாக இருக்கும். ஆற்றில் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் ஊருக்குள் போவார்கள். அன்று கழுவிவிட்டு மணலிலேயே நின்றார்கள். பள்ளிவாசல் பெரியவர்கள் கொஞ்சம் தள்ளி மேட்டில் நின்றார்கள். எல்லா முகமும் மேற்கே, வாணியம்பாடிப் பக்கம் பார்த்திருந்தது. நானும் போய் நின்றேன். வீட்டுக்குப் போவதைத் தள்ளிப் போட எனக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது.

மேற்கில் மேகம்.

"டேய் பாஷா, உன் பண்டிகதான? நல்லா கண்ணத் தொறந்து பாருடா" என்றாள் சவுரியம்மாள். தோலில் மயிர் வழிக்கிற பெண்களுக்கெல்லாம் அவள்தான் மூத்தவள். தேவசகாயத்தின் தெருக்காரி.

"என் பண்டிகதான். எனக்கே கூலி இல்லியே அக்கா. ஒரு மாசம் நோம்பு பத்தலன்னு மொதலாளி இன்னும் ரெண்டு நாள் வெக்கச் சொல்றாரு."

"வெய்யி, வெய்யி. ஜாஸ்தி புண்ணியம்."

"தேவசகாயம், நீ மேக்க பாக்காத. உன் மூஞ்சியப் பாத்தா நெலா வர்றதும் வராம பூடும்" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"அவன் எங்க பாக்கறான்? திரும்பி நின்னுக்கினு ஜெபம் பண்றான்."

"இல்லண்ணா. சும்மா நிக்கறேன்" என்றான் தேவசகாயம்.

"பண்ணுய்யா, நல்லா பண்ணு. எங்க கஞ்சியில மண்ணப் போட்டாலும் சரி, உன் பொண்டாட்டி வந்தா சரி" என்றாள் சவுரியம்மாள்.

எல்லோரும் சிரித்தார்கள். தேவசகாயம் சிரிக்கவில்லை. "ஒரு நாளுதான அக்கா" என்று சவுரியம்மாளைப் பார்த்துச் சொன்னான். "மன்னிச்சுக்கோங்க."

அவள் முகம் மாறியது. "போடா பைத்தியம். ஒரு பேச்சுக்குச் சொன்னா. நான் பாக்காத பட்டினியா? புது வருஷத்துக்கு மரியா வூட்டுல இருக்கட்டும். கண்ண மூடிக்கினு ஜெபம் பண்ணு. நானும் பண்றேன்."

மேகத்துக்குக் கீழே கொஞ்ச நேரம் சிவப்பாக இருந்தது. பிறகு அதுவும் போயிற்று. பெரியவர்கள் மேட்டிலிருந்து இறங்கித் தொழுகைக்குப் போனார்கள். பிறை கண்டதைச் சொல்லும் பள்ளிவாசல் முரசு, நகரா, அடிக்கவில்லை.

"தெரியல. ரெண்டு நாளும் போச்சு" என்றான் வாஹித் பாஷா. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். போகும்போது தேவசகாயத்தின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். "ஓடுடா தோஸ்து. வண்டி வந்துடும்."

என் வீடு ஸ்டேஷனுக்கு அருகில். நான் நடந்து போவதற்குள் காட்பாடி பாசஞ்சர் வந்து நின்றுவிட்டது. தேவசகாயம் ஓடிக்கொண்டிருந்தான். கக்கத்தில் மரியம்மாளின் சேலை ஒன்றைச் சுருட்டி வைத்திருந்தான். என்னைப் பார்த்து நின்றான்.

"வர்றேன் அய்யா. சனிக்கிழமை சாயங்காலம் கூட்டிக்கினு வந்துடுவேன்."

"சரி" என்றேன்.

வண்டி போயிற்று. நான் வீட்டுப் பூட்டைத் திறந்துகொண்டிருந்தபோது கடைத் தெருவில் ஒரு மோட்டார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. வாணியம்பாடியிலிருந்து இரண்டு பேர் சாட்சி சொல்ல வந்திருந்தார்கள். அங்கே மேகம் விலகிப் பிறையைப் பார்த்திருக்கிறார்கள். காஜியார் அவர்களை விசாரித்து ஒப்புக்கொண்டார். நகரா அடித்தது.

தெரு முழுக்கச் சத்தம். துணிக்கடைகளில் மறுபடியும் விளக்கேற்றினார்கள். குழி ஆட்கள் பண்டிகைக்காரர்களைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டார்கள். ஒரு நாள் கூலி திரும்பி வந்துவிட்டதே. சவுரியம்மாள் எதிரே சிரித்துக்கொண்டே வந்தாள். என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, அந்தப் புள்ள பூட்டானே, அய்யா."

மறுநாள் எனக்கு லீவு. முதலாளி வீட்டில் ஆபீஸ்காரர்களுக்கு விருந்து. நான் போகவில்லை. காலை ரயிலில் வேலூருக்குப் போனேன்.

அந்தக் கேட்டுக்குள் மறுபடி போக வேண்டியிருக்கும் என்று நினைத்திருக்கவில்லை. பினாயில் வாசனை அப்படியே இருந்தது. செண்பகத்தின் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். குழந்தை பெற்றவள். தாண்டிப் போனேன்.

தேவசகாயம் வராந்தாவின் கோடியில் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கமலாப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து எழுந்தான். படிக்கட்டுப் பக்கம் அழைத்துப் போய்ச் சொன்னேன். வாணியம்பாடியில் பிறை பார்த்துவிட்டார்கள். பண்டிகை இன்றைக்கே. நாளைக்கு ஷாப்பு உண்டு.

"நாளைக்கா?"

"நாளைக்கு."

"காலையிலயா, அய்யா?"

"காலையில்."

பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். நான் நர்சிடம் போனேன். இன்றைக்கே அனுப்ப முடியுமா, இல்லையென்றால் திங்கட்கிழமை வரை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். இங்கிலீஷில் பதில் சொன்னாள். பெரிய டாக்டர் கையெழுத்துப் போடாமல் இன்று அனுப்ப முடியாது. நாளைக்கு மேல் வைத்துக்கொள்ளவும் முடியாது. குணமாகி அனுப்பவில்லை. இனிமேல் இங்கே செய்வதற்கு எதுவும் இல்லை. வீட்டில் இருந்தால் அவளுக்கு நிம்மதி. கணவனிடம் நாளைக்குச் சொல்வார்கள்.

திரும்பி வந்தேன். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எனக்குச் சொன்னபோது எப்படிச் சொன்னார்கள் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

"இங்கிலீஷ்ல பேசினா நல்ல சேதி இருக்காதுங்க" என்றான் தேவசகாயம். "உங்க வூட்டம்மாவுக்கும் இங்கிலீஷ்லதான பேசினாங்க. நான் பாத்துக்கினு இருந்தேன்."

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"எவ்ளோ நாளு அய்யா?"

"அவர்கள் சொல்லவில்லை. வீட்டில் இருப்பது நல்லது என்றார்கள்."

அவன் படியில் உட்கார்ந்தான். கீழே சாலையில் புதுத் துணி போட்ட பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள்.

"சாயங்கால வண்டியில் என்னோடு வந்துவிட்டால் காலையில் குழிக்குப் போய்விடலாம்" என்றேன். "வில்லை இருக்கும். அவளை அழைத்து வருவதற்கு வேறு ஏதாவது வழி பார்க்கலாம்." என்ன வழி என்று எனக்கே தெரியாது.

"கட்டிலு வேணும்னு எறக்கி வராந்தாவுல வெச்சிடுவாங்க. நான் வருவேன் வருவேன்னு பாத்துக்கினு இருப்பா." முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான். "நான் போவல, அய்யா."

கட்டிலுக்குத் திரும்பிப் போனோம். மரியம்மாள் விழித்திருந்தாள். போர்வைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை. கண் மட்டும் பெரிதாக இருந்தது.

"ரைட்டர் அய்யாவா? இன்னாய்யா சேதி, ஷாப்புல கூப்புடறாங்களா?"

"இல்ல, இல்ல. ரம்ஜான் நாளைக்குத்தானாம். நாளைக்கு லீவுன்னு சொல்லத்தான் வந்தாரு" என்றான் தேவசகாயம்.

"இங்க இன்னிக்கே கொண்டாடறாங்களே. அந்தக் கட்டிலு பாயம்மாவுக்கு சேமியா எடுத்தாந்தாங்க. எனக்கும் ஒரு வாய் குடுத்தாங்க."

"வேலூருல தெரிஞ்சிருக்கும். நம்மூருல ஒரே மேகம். நான்தான் நின்னு பாத்தேனே."

அவள் என்னைப் பார்த்தாள். "நெசமா அய்யா? நாளைக்கு ஷாப்பு இல்லியா?"

"இல்லை அம்மா. நாளைக்கு லீவு."

"அப்போ சரி." கண்ணை மூடிக்கொண்டாள். "என்னால இவரு வில்ல போச்சுன்னு இருக்கக் கூடாது. அத நெனச்சுத்தான் பேஜாரா இருந்துது."

தேவசகாயம் பழத்தின் ஒரு சுளையை எடுத்து, கொட்டையை நீக்கி, அவள் வாயில் வைத்தான். நான் கிளம்பினேன். செண்பகம் போனபோது நான் பக்கத்தில் இருந்தேன். அந்த நாளுக்கும் எனக்குச் சம்பளம் கிடைத்தது. கேட்டைத் தாண்டி ஜட்காவில் ஏறியபோதுதான் அது தோன்றியது.

சனிக்கிழமை காலை மணி அடித்துக் கேட்டை மூடியதும் மேஸ்திரி பலகைக்கு வந்தார். திருப்பாத வில்லை ஒன்றே ஒன்று இருந்தது. அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நான் முதலாளியிடம் போனேன். பண்டிகை முடிந்த முகத்தோடு இருந்தார். எனக்காகத் தனியாகக் கொஞ்சம் இனிப்பு எடுத்து வைத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"பாவம்" என்றார். உண்மையாகத்தான் சொன்னார். "ஆனா ஒருத்தனுக்கு வுட்டா எல்லாருக்கும் வுடணும் மூர்த்தி. மறுநாள் பாதிப் பேர் வரலன்னா குழியில இருக்கற தோல என்ன பண்றது?"

"எனக்கு விடுப்பு பாக்கி இருக்கிறது. அதில் ஒரு நாளை அவனுக்குக் கொடுத்துவிடுங்கள்."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார்.

"லீவுங்கறது மாசச் சம்பளத்துக்கு. மணிக் கூலிக்கு ஏது லீவு? மணி அடிச்சா கூலி, அடிக்கலன்னா இல்ல. அவனுக்கு லீவுன்னு ஒண்ணு இருந்தாத்தான நீங்க குடுத்து அவன் வாங்கறது?" பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "நீங்க இன்னும் தேறல. வூட்டுக்குப் போறதுன்னா போங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

நான் போகவில்லை. இனிப்பு மேஜைமேல் இருந்தது. மத்தியானத்துக்குள் அந்த ஆணியில் வேறு ஒருவனுடைய வில்லை தொங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவசகாயம் வந்தான். பலகையைப் பார்த்தான். மேஸ்திரியிடம் அவன் எதுவும் கேட்கவில்லை. மேஸ்திரியும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கேட்டுக்கு வெளியே புளிய மரத்தடியில் வெளி ஆட்கள் நிற்பார்கள். உள்ளே ஆள் குறைந்தால் மணிக்கணக்குக்குக் கூப்பிடுவார்கள். தேவசகாயம் போய் அவர்களோடு நின்றான். சில நாள் கூப்பிட்டார்கள், சில நாள் இல்லை. கூப்பிடாத நாட்களில் வெயில் ஏறியதும் வீட்டுக்குப் போய்விடுவான். ஒரு நாள் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, "மரியா கஞ்சி குடிக்கறா, அய்யா" என்று மட்டும் சொன்னான். புது வருஷப் பிறப்புக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் கோயில் வாசலில் உட்கார வைத்ததாகச் சவுரியம்மாள் சொன்னாள்.

ஜனவரி மாதம் மன்னர் இறந்தார். சீமையில் அவரை அடக்கம் செய்கிற நாளை இங்கேயும் துக்க நாளாக அனுசரிக்கச் சொன்னார்கள். அது ஒரு செவ்வாய்க்கிழமை. முதலாளி ஷாப்பை மூடச் சொன்னார். ஷாப்பின் சார்பில் கலெக்டருக்கு அனுதாபக் கடிதம் எழுதும் வேலை எனக்கு. எங்கள் தொழிலாளர்கள் அனைவரும் ஆழ்ந்த துயரத்தில் இருக்கிறார்கள் என்று எழுதினேன். நன்றாக இருக்கிறது என்றார் முதலாளி.

லீவுக்கு முந்தின நாள், திங்கட்கிழமை. பலகையில் திருப்பாத வில்லை ஒன்றும் இல்லை. ஆனால் மூடுவதற்கு முன்னால் குழிகளில் வேலை அதிகம் என்று வெளி ஆட்களையும் கூப்பிட்டார்கள். தேவசகாயம் அன்று முழு நாளும் குழியில் நின்றான். நல்ல கூலி நாள். சாயங்காலம் ஆற்றில் காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது தெருவிலிருந்து ஆள் வந்தது.

மறுநாள் மரியம்மாளுக்கு அடக்கம். எனக்கு லீவு. நான் போனேன்.

அவ்வளவு கூட்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை. குழி ஆட்கள் முழுக்க வந்திருந்தார்கள். மயிர் வழிக்கிற பெண்கள், பதனிட மரப்பட்டை இடிக்கிறவர்கள், வண்டிக்காரர்கள். வாஹித் பாஷா பெட்டி வைத்த பாடையின் முன் கொம்பைப் பிடித்திருந்தான். பாதிரியார் வரவில்லை. மன்னருக்காகக் கோயிலில் விசேஷ ஆராதனை நடந்துகொண்டிருந்தது. உபதேசியார் வந்து ஜெபம் செய்தார்.

சவுரியம்மாள் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதாள்.

"இன்னா கூட்டம் வந்துருக்குது பாரு மரியா. உனக்கோசரமாடி ஷாப்ப மூடுனாங்க? ராஜா செத்தாருன்னு மூடுனாங்க. இல்லன்னா உன்னத் தூக்க நாலு பேரு கெடைப்பாங்களாடி. எல்லாரும் குழியில நின்னுக்கினு இருப்போமே, மரியா."

மண் போட்டு முடிந்தது. ஜனங்கள் உடனே போகவில்லை. போவதற்கு அன்று அவர்களுக்கு வேலை இல்லை. அங்கங்கே கல்லறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். தேவசகாயம் என்னிடம் வந்தான். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும். எனக்குச் சொன்ன எந்த வார்த்தையும் எனக்கு உதவவில்லை. அதனால் சும்மா நின்றேன்.

"அவளுக்குத் தெரிஞ்சிருச்சுங்க, அய்யா" என்றான்.

"எது?"

"அந்த சனிக்கிழம. ஷாப்பு தொறந்திருந்தது."

நான் அவனைப் பார்த்தேன்.

"ஸ்டேஷன்லருந்து வண்டி வெச்சுக்கினு வந்தேன். ஷாப்பு வழியா வந்தா கேட்டப் பாத்துடுவான்னு வண்டிக்காரன ஆத்தோரமா போவச் சொன்னேன். அங்கதான் தப்புப் பண்ணேன். கடைசி மணி அடிச்சு எல்லாரும் ஆத்துல நின்னுக்கினு இருந்தாங்க. கால் பூரா சுண்ணாம்பு. அக்கா, பாஷா, எல்லாரும். இவள பாத்ததும் சந்தோஷத்துல அப்படியே ஓடியாந்தாங்க."

"என்ன சொன்னாள்?"

"அப்போ ஒண்ணுமே சொல்லல. எல்லார்கிட்டயும் நல்லா பேசினா. சிரிச்சா. வூட்டுக்கு வந்து படுக்க வெச்சதும் என் காலப் புடிச்சுப் பாத்தா. சுத்தமா இருந்தது. அதையே தடவிக்கினு இருந்தா."

கையில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அதுக்கப்புறம் தெனமும் காலையில என்ன வெரட்டுவா. போய் மரத்தடியில நில்லு, கூப்புடுவாங்க, என் பக்கத்துல ஒக்காராதன்னு. நேத்தும் வெரட்டினா. நேத்து கூப்டுட்டாங்க."

அவ்வளவுதான் சொன்னான். வாஹித் பாஷா வந்து அவன் தோளில் கை வைத்தான். "வாடா, வந்து ஒரு வாய் தண்ணி குடி" என்றான். தேவசகாயம் நகரவில்லை.

"நாளைக்கு லீவுக்கு மறுநாளு. ஆளு ஜாஸ்தி வேணும் இல்லியாடா?" என்று பாஷாவிடம் கேட்டான்.

"வேணும். ஆனா நீ நாளைக்கு வராத."

"வர்றேன்" என்றான் தேவசகாயம். "வர்றேன்டா."

நான் குனிந்து கீழே பார்த்தேன். சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களின் கால்கள். பகலில் அந்தக் கால்களை அப்படி நான் பார்த்ததே இல்லை. தோல் வெடித்து, நகம் சிதைந்து, கழுவித் துடைத்திருந்தன. ஒரு காலிலும் சுண்ணாம்பு இல்லை.